இருப்புப் படக் கோப்புகள்: ஸ்லைடு பெட்டியிலிருந்து எண்மச் சமர்ப்பிப்பு வரை

தேவை எழுவதற்கு முன்பே எடுத்துச் சேமித்து வைக்கப்பட்டு, பின்னர் பத்திரிகை, விளம்பரம், பாடநூல், இணையதளம் முதலியவற்றுக்கு உரிமத்தின் பேரில் வழங்கப்படும் ஒளிப்படம் இருப்புப் படம் எனப்படும். பேச்சு வழக்கில் இதனை ஸ்டாக் போட்டோ என்பர். இத்தகைய படங்களைச் சேர்த்து வைத்து, கேட்பவருக்குத் தேடிக் கொடுத்து, வரும் தொகையில் ஒரு பங்கை ஒளிப்படக் கலைஞருக்கு அளிக்கும் நிறுவனம் படச் சேமிப்பகம் ஆகும். படச் சேமிப்பகத்துக்கு ஒரு படத்தை அனுப்புவதற்கு முன் அதனை எவ்வாறு ஆயத்தம் செய்ய வேண்டும் என்ற விதிகள் கடந்த நூறாண்டுகளில் பலமுறை மாறியுள்ளன. கோப்பின் அளவு, நிறவெளி, சுருக்க முறை, தலைப்புக் குறிப்பு, குறிச்சொல், ஒப்புதல் படிவம் என இன்று ஒரு கலைஞர் கவனிக்க வேண்டிய ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தொழில்நுட்பக் காரணமோ வழக்கோ வணிகக் கணக்கோ இருக்கிறது. அந்த விதிகளின் வரலாறு, படம் எடுப்பவரின் மேல் வேலை எவ்வாறு படிப்படியாக ஏற்றப்பட்டது என்பதன் வரலாறும் ஆகும்.

தொடக்ககாலச் சேமிப்பகங்கள்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் எச். ஆம்ஸ்ட்ராங் ராபர்ட்ஸ் 1920இல் தொடங்கிய நிறுவனம் முதல் இருப்புப் பட நிறுவனங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஜெர்மனியில் நூலகராகப் பணியாற்றிய ஆட்டோ பெட்மன் என்ற யூதர், நாஜி ஆட்சியிலிருந்து தப்பி 1935இல் இரண்டு பெரிய பெட்டிகள் நிறையப் படங்களுடன் அமெரிக்காவுக்கு வந்தார். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் அவர் நிறுவிய பெட்மன் ஆவணகம் பிற்காலத்தில் 1 கோடிக்கும் மேற்பட்ட படங்களைக் கொண்டதாக வளர்ந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த வேறு சிலர் அதே காலத்தில் பிளாக் ஸ்டார் நிறுவனத்தைத் தொடங்கினர்.

இந்நிறுவனங்களில் கோப்பு என்பது காகிதப் படியாகவோ எதிர்மறைப் படச்சுருளாகவோ இருந்தது. வண்ண அச்சு பரவிய பின், 35 மில்லிமீட்டர் ஸ்லைடும் அதைவிடப் பெரிய நேர்மறைப் படங்களும் அந்த இடத்தைப் பிடித்தன. ஒளிப்படக் கலைஞர் தம் ஸ்லைடுகளை ஒளிமேசையில் பரப்பி, உருப்பெருக்கியால் ஒவ்வொன்றையும் பார்த்து, தெளிவற்றவற்றை ஒதுக்கிவிட்டு, அட்டைச் சட்டத்தின் ஓரத்தில் தம் பெயரையும் இடத்தையும் ஒரு வரிக் குறிப்பையும் எழுதுவார். இருபது அறைகள் கொண்ட நெகிழித் தாள்களில் அவற்றைச் செருகி அனுப்புவார். அவருடைய ஆயத்தப் பணி பெரும்பாலும் அத்துடன் முடிந்தது. படங்களைத் தரம் பிரிப்பது, படி எடுப்பது, பொருள்வாரியாக இழுப்பறைகளில் அடுக்குவது, கேட்டு வருபவருக்குத் தேடிக் கொடுப்பது ஆகியவை சேமிப்பக ஊழியர்களின் வேலை. நல்ல ஊழியர் ஒருவரின் நினைவாற்றலே அன்றைய தேடுபொறி எனலாம்.

ஸ்லைடு ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்பது இம்முறையின் பெருங்குறை. அது வாடிக்கையாளரிடம் சென்று திரும்பாமற்போனால் படமே போயிற்று. தொலைந்த ஒரு ஸ்லைடுக்கு 1,500 டாலர் இழப்பீடு என்பது அமெரிக்க ஒப்பந்தங்களில் பரவலாக எழுதப்பட்ட தொகை. விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தின் பச்சைப் புல்வெளிப் படத்தின் கதை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. சார்லஸ் ஓரியர் 1996 ஜனவரியில் கலிபோர்னியாவின் சோனோமா பகுதியில் மாமியா நடுத்தர வடிவக் கேமராவில் ஃப்யூஜி வெல்வியா படச்சுருளைப் பயன்படுத்தி அதை எடுத்தார். அவரும் பங்குகொண்டு தொடங்கிய வெஸ்ட்லைட் சேமிப்பகத்துக்கு அதை அளித்தார். அந்நிறுவனத்தை 1998இல் கார்பிஸ் வாங்கியது. 2000ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் அப்படத்தின் உரிமையை முழுமையாக வாங்க முன்வந்தபோது, அதன் மதிப்புக்குக் காப்பீடு தரக் கூரியர் நிறுவனங்கள் தயாராக இல்லை என்றும், விமானச் சீட்டு அனுப்பப்பட்டுத் தாமே மூலப் படச்சுருளை நேரில் கொண்டுபோய்க் கொடுத்ததாகவும் ஓரியர் பேட்டிகளில் கூறியிருக்கிறார். உலகில் கோடிக்கணக்கான கணினித் திரைகளில் தோன்றவிருந்த படம் ஒருவர் கைப்பையில் பயணம் செய்தது.

ஸ்கேனரும் குறுவட்டும்

கணினிவழிப் பதிப்பு 1980களின் நடுப்பகுதியில் பரவத் தொடங்கியது. ஸ்கேனரிலிருந்து வரும் படங்களைப் பல மென்பொருள்களும் படிக்கத்தக்க பொதுவான வடிவமாக ஆல்டஸ் நிறுவனம் 1986இல் டிஃப் வடிவத்தை வெளியிட்டது. 1990 பிப்ரவரியில் நோல் சகோதரர்களின் ஃபோட்டோஷாப் மென்பொருளை அடோபி விற்பனைக்குக் கொண்டுவந்தது. கோடாக் நிறுவனம் 1992இல் அறிமுகம் செய்த ஃபோட்டோ சிடி, ஸ்லைடுகளை 3072 × 2048 பிக்சல் வரையிலான கோப்புகளாகக் குறுவட்டில் பதிந்து தந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்களுக்கும் தலா ஒரு பைட் வீதம் கணக்கிட்டால் அத்தகைய படம் ஒன்று 18 எம்பி வரும்.

சியாட்டில் நகரில் 1991இல் தோன்றிய ஃபோட்டோடிஸ்க், படங்களைத் தொகுத்துக் குறுவட்டுகளாக விற்றது. ஒருமுறை விலை கொடுத்தால் மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம் என்ற உரிமம் அதில் இருந்தது. அதுவரை எந்த இதழில், எந்த அளவில், எத்தனை படிகளில் அச்சாகிறது என்பதைப் பொறுத்தே கட்டணம் கணக்கிடப்பட்டது. பயன்பாட்டைக் கணக்கிடாத புதிய உரிமத்தைப் பழைய நிறுவனங்கள் இகழ்ந்தன. ஆனால் வாடிக்கையாளர்கள் அதை விரும்பினர். மார்க் கெட்டியும் ஜோனதன் க்ளெய்னும் 1995இல் தொடங்கிய நிறுவனம், லண்டனின் டோனி ஸ்டோன் இமேஜஸை வாங்கி, பின் ஃபோட்டோடிஸ்க்குடன் இணைந்து 1998இல் கெட்டி இமேஜஸ் ஆனது. மறுபுறம் பில் கேட்ஸ் 1989இல் தொடங்கிய நிறுவனம் கார்பிஸ் என்று பெயர் பெற்று, 1995இல் பெட்மன் ஆவணகத்தை வாங்கியது.

பெட்மன் தொகுப்பின் கதி எண்மமாக்கலின் செலவை நன்கு காட்டுகிறது. பழைய அசிடேட் படச்சுருள்கள் காலப்போக்கில் சிதைந்து புளிக்காடி நெடி வீசத் தொடங்கும். அதைத் தடுக்க, பென்சில்வேனியாவில் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஏறத்தாழ 67 மீட்டர் ஆழத்தில் குளிரூட்டப்பட்ட அறைகள் அமைத்து, 2001 வாக்கில் தொகுப்பு முழுவதையும் அங்கு மாற்ற முடிவாயிற்று. அப்போது எண்மமாக்கப்பட்டிருந்தவை மொத்தத்தில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. எதை ஸ்கேன் செய்வது என்ற தேர்வை விற்பனை வாய்ப்பே தீர்மானித்தது. வரலாற்றாசிரியர்களுக்கு இது கவலையளித்தது இயல்பே. ஸ்கேன் செய்யப்படாத படம் அழியவில்லை. ஆயினும் தேடுபவருக்கு அது இல்லாததற்குச் சமம்.

48 எம்பி என்ற அளவு

எண்மக் கேமராக்கள் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் சேமிப்பகங்கள் விதித்த கோப்பு அளவு, இன்றைய வாசகருக்குப் புதிராகத் தோன்றும். பெரிய நிறுவனங்கள் சுமார் 50 எம்பி கேட்டன. பிரிட்டனில் 1999இல் தொடங்கப்பட்ட அலமி, சுருக்கப்படாத நிலையில் 48 எம்பி இருக்க வேண்டும் என்றது. இந்த எண் எங்கிருந்து வந்தது?

விடை அச்சுத்தொழிலில் இருக்கிறது. இதழ்களின் வண்ண அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது வழக்கமான அளவு. ஏ4 அளவுள்ள இதழின் இரு பக்கங்களையும் சேர்த்து நிறைக்கும் படம் ஏ3 தாளின் அளவுடையது. 300 வீதம் கணக்கிட்டால் அதற்கு 4961 × 3508 பிக்சல், அதாவது சுமார் 1.74 கோடி பிக்சல் வேண்டும். ஒரு பிக்சலுக்கு 3 பைட் என்றால் 50 எம்பியை ஒட்டி வரும். 35 மில்லிமீட்டர் ஸ்லைடை அங்குலத்துக்கு 4000 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 2 கோடிக்கும் மேற்பட்ட பிக்சல்கள் கிடைத்துவிடும். எனவே படச்சுருள் காலத்துக்கு இந்த விதி பொருத்தமானதே.

ஆனால் கேமராக்கள் அந்த அளவை எட்டவில்லை. 1999இல் வந்த நிக்கான் டி1 கேமரா 27 இலட்சம் பிக்சல்களையே தந்தது. 2003இல் 1,000 டாலருக்கும் குறைந்த விலையில் வந்து, ஆர்வலர்களையும் எண்மத்துக்கு இழுத்த கேனன் 300டி கேமராவில் 63 இலட்சம் பிக்சல்கள் இருந்தன. 60 இலட்சம் பிக்சல் கொண்ட படம் ஏறத்தாழ 17 எம்பி மட்டுமே. அதை 48 எம்பியாக்க, இடைக்கணிப்பு என்னும் முறையால் படத்தை நீளத்திலும் அகலத்திலும் சுமார் 1.67 மடங்கு பெரிதாக்கினர். இதற்கு ஃபோட்டோஷாப்பின் வசதிகளும் ஜெனுவின் ஃப்ராக்டல்ஸ் போன்ற தனி மென்பொருள்களும் பயன்பட்டன. இப்படிச் செய்த கோப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான பிக்சல்களே கேமரா பதிந்தவை. மற்றவை அண்டைப் பிக்சல்களைக் கொண்டு கணினி ஊகித்தவை.

இவ்விதி கடுமையான விவாதத்துக்கு உள்ளானது. தேவைப்படும் வாடிக்கையாளரே பெரிதாக்கிக்கொள்ளலாமே, எல்லாக் கோப்பையும் முன்கூட்டியே ஊதிப் பெருக்குவானேன் என்பது கலைஞர்களின் கேள்வி. வாடிக்கையாளருக்கு அச்சுக்கு ஆயத்தமான கோப்பே வேண்டும், பெரிதாக்கும்போது வெளிப்படும் குறைகளைப் படமெடுத்தவரே சரிசெய்வது நல்லது என்பது சேமிப்பகங்களின் நிலை. இரண்டிலும் நியாயம் உண்டு என்றாலும் கலைஞர்களின் வாதமே வலுவானது. கேமராக்கள் வளர்ந்த பின் அலமி இந்த அளவைப் படிப்படியாகக் குறைத்து இறுதியில் 17 எம்பிக்குக் கொண்டுவந்தது. அது சரியாக 60 இலட்சம் பிக்சல் கேமராவின் அளவு.

இணைய இணைப்பின் வேகமும் கருதத்தக்கது. தொலைபேசி மோடத்தின் 56 கிலோபிட் வேகம் முழுமையாகக் கிடைத்தாலும் 48 எம்பி கோப்பு ஒன்றை அனுப்ப 2 மணி நேரம் ஆகும். எனவே தொடக்கத்தில் கோப்புகளைக் குறுவட்டில் எழுதி அஞ்சலில் அனுப்பினர். 700 எம்பி குறுவட்டில் 14 படங்கள் அடங்கும். டிவிடியில் 90க்குச் சற்று மேல்.

ஜேபெக் சுருக்கமும் அதன் வேர்களும்

கோப்பை இணையவழி அனுப்புவதைச் சாத்தியமாக்கியது ஜேபெக் சுருக்கம். படத்தை 8 × 8 பிக்சல் கொண்ட சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தையும் மெதுவாக மாறும் கூறுகள், விரைவாக மாறும் கூறுகள் எனப் பகுத்து, கண் எளிதில் உணராத நுண்கூறுகளை இம்முறை கைவிடுகிறது. இதன் அடிப்படையான தனிநிலைக் கோசைன் உருமாற்றம் 1974இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கப்பட்டது. அதை எழுதியவர்கள் பெங்களூருவில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர். இவர்களுள் ராவ் 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பட்டம் பெற்றவர். இந்த ஆய்வுக்கு 1972இல் அகமது நிதி கேட்டபோது அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை தரவில்லை. இன்று உலகில் அனுப்பப்படும் ஒளிப்படங்களில் பெரும்பாலானவை அந்தக் கணிதத்தின் வழியாகவே செல்கின்றன. 1986இல் அமைந்த வல்லுநர் குழு 1992இல் ஜேபெக்கைத் தரமாக அறிவித்தது.

ஜேபெக்கில் ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் தகவல் சிறிது இழக்கப்படுகிறது. பளிச்சென்ற வானத்தை ஒட்டிய கட்டட விளிம்புகளில் புகை போன்ற சிதறலும், சீரான நிறப்பரப்புகளில் சதுரத் திட்டுகளும் தோன்றும். ஆகவே கேமராவின் ராக் கோப்பிலோ டிஃப் வடிவத்திலோ எல்லாத் திருத்தங்களையும் முடித்து, கடைசியில் ஒரே ஒருமுறை உயர்தர ஜேபெக்காகச் சேமிப்பது நடைமுறையாயிற்று. 'கூர்மையாக்க வேண்டாம்' என்ற விதிக்கும் இதனையொத்த காரணம் உண்டு. கூர்மையாக்கல் என்பது படம் எந்த அளவில் அச்சாகும் என்பதைப் பொறுத்தது. அஞ்சல்தலை அளவுக்கா விளம்பரப் பலகை அளவுக்கா என்று அறியாத நிலையில் கலைஞர் அதைச் செய்தால் வாடிக்கையாளரால் மீட்க முடியாது.

நிறவெளி

ஒரே எண்மதிப்பு வெவ்வேறு திரைகளில் வெவ்வேறு நிறமாகத் தெரியும் சிக்கலைத் தீர்க்க 1993இல் பன்னாட்டு நிறக் கூட்டமைப்பு உருவானது. எச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996இல் எஸ்ஆர்ஜிபி நிறவெளியை முன்மொழிந்தன. சாதாரணக் கணினித் திரை காட்டக்கூடிய நிறங்களே அதன் எல்லை. அச்சில் கிடைக்கும் சில பச்சைகளும் நீலப்பச்சைகளும் அந்த எல்லைக்கு வெளியே நின்றன.

அவற்றையும் உள்ளடக்கிய அடோபி ஆர்ஜிபி நிறவெளி பிறந்தது ஒரு பிழையால். ஃபோட்டோஷாப் 5.0 பதிப்பை 1998இல் உருவாக்கியபோது, ஒரு தொலைக்காட்சித் தரத்தின் நிற மதிப்புகளைச் சேர்க்க முயன்ற பொறியாளர்கள், அந்த ஆவணத்தில் கருத்துநிலை மதிப்புகளாகத் தரப்பட்டிருந்தவற்றை உண்மையான தர மதிப்புகள் என எடுத்துக்கொண்டனர். தவறு தெரியவந்தபோது பயனர்கள் அந்த விரிவான நிறவெளியை விரும்பத் தொடங்கியிருந்தனர். எனவே அதை நீக்காமல் புதுப்பெயர் சூட்டித் தக்கவைத்தனர். அச்சு வாடிக்கையாளர்களை நம்பியிருந்த சேமிப்பகங்கள் இதையே பரிந்துரைத்தன. இணையப் பயன்பாட்டை நோக்கிய சேமிப்பகங்கள் எஸ்ஆர்ஜிபியை விரும்பின. நிற மேலாண்மை இல்லாத பழைய உலாவிகளில் அடோபி ஆர்ஜிபி படம் வெளிறித் தெரியும். சரியாக ஆயத்தம் செய்த செம்பருத்திப் படம், தவறான இடத்தில் வாடிய பூவாகக் காட்சியளிக்கும்.

கோப்புக்குள் எழுத்து

ஸ்லைடின் அட்டைச் சட்டத்தில் எழுதிய பெயரும் குறிப்பும் எண்மக் கோப்பில் எங்கே போகும் என்ற கேள்விக்குச் செய்தித் துறை விடை தந்தது. 1965இல் லண்டனில் தொடங்கப்பட்ட பன்னாட்டுப் பத்திரிகைத் தொலைத்தொடர்பு மன்றம், சுருக்கமாக ஐபிடிசி, செய்திப் படங்களுடன் தலைப்பு, இடம், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை இணைத்து அனுப்பும் வரையறையை 1990களின் தொடக்கத்தில் வகுத்தது. அதிலிருந்து சில புலங்களை அடோபி தன் ஃபோட்டோஷாப்பில் சேர்த்ததால் அது உலக வழக்காயிற்று. கேமரா தானே எழுதும் எக்சிஃப் தகவல்களுக்கான தரம் 1995இல் ஜப்பானில் உருவானது. 2001இல் அடோபி அறிமுகப்படுத்திய எக்ஸ்எம்பி வடிவம் தமிழ் உள்ளிட்ட எல்லா எழுத்துகளையும் ஏற்றது.

மீத்தரவு கோப்புக்குள்ளேயே இருப்பதால் படம் எங்குச் சென்றாலும் உரிமையாளர் பெயர் உடன் செல்லும் என்பது நோக்கம். நடைமுறையில் பல சமூக ஊடகத் தளங்கள் பதிவேற்றும்போதே அதை உரித்தெடுத்துவிடுகின்றன. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டமும், இந்தியாவில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65பி பிரிவும் உரிமைத் தகவலைத் தெரிந்தே நீக்குவதைக் குற்றமாக்கின. தனியொரு கலைஞர் இச்சட்டங்களைக் கொண்டு வெல்வது எளிதன்று.

குறிச்சொல் இடுவது ஆயத்தப் பணியில் மிகுந்த நேரம் பிடிப்பது. ஷட்டர்ஸ்டாக் 50 குறிச்சொற்கள் வரையும் அடோபி ஸ்டாக் 49 வரையும் ஏற்கின்றன. அடோபி ஸ்டாக்கில் முதற் பத்துச் சொற்களுக்கு முதன்மை உண்டு என்பதால் வரிசையும் கருதத்தக்கது. தொடர்பில்லாத சொற்களை அடுக்குவது விலக்கப்பட்டுள்ளது. தாவரங்களுக்கும் உயிரினங்களுக்கும் அறிவியல் பெயர் தருவது நல்ல வழக்கம். செங்காந்தள் படத்துக்கு மலரின் ஆங்கிலப் பெயரை மட்டும் தந்தால் தோட்டக்கலை நூல் தயாரிப்பவர் அதைக் காணாமற்போகலாம். குளோரியோசா சுபெர்பா என்ற பெயர் அவரை நேரே கொண்டுவந்து சேர்க்கும்.

தேடுபவர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் தேடுவதால் தமிழ்நாட்டுப் படங்களுக்கு ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. வாசலில் இட்ட புள்ளிக்கோலத்துக்குக் கோலம் என்று மட்டும் குறித்தால் வடஇந்தியப் பெயரான ரங்கோலியைத் தேடுபவர் அதைக் காணார். ரங்கோலி என்று மட்டும் குறித்தால் படம் தன் ஊரை இழக்கும். ஏறுதழுவலுக்கு ஸ்பெயின் நாட்டுக் காளைச் சண்டையின் பெயரை இட்டால் பொருளே திரியும். அங்கே காளை கொல்லப்படுகிறது, இங்கே அதன் திமிலைத் தழுவுவதே ஆட்டம். இரண்டு சொற்களையும் இட்டு, வேறுபாட்டைத் தலைப்புக் குறிப்பில் எழுதுவதே தக்க வழி. படம் பார்த்தவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை இது. சேமிப்பகத்தின் பழைய இழுப்பறை முறையில் இப்படங்கள் 'இந்தியா - திருவிழா' என்ற ஒரே அறையில் கிடந்திருக்கும்.

ஒப்புதல் படிவம்

படத்திலுள்ள மனிதரின் கையெழுத்திட்ட ஒப்புதல் வேண்டும் என்ற விதி எண்மக் காலத்துக்கு மிக முந்தியது. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரைச் சேர்ந்த அபிகெய்ல் ராபர்சன் என்ற இளம்பெண்ணின் உருவப்படத்தை ஒரு மாவு ஆலை அவரைக் கேளாமல் 25,000 விளம்பரத் தாள்களில் அச்சிட்டது. கடைகளிலும் மதுக்கூடங்களிலும் தம் முகத்தைக் கண்ட அவர் வழக்குத் தொடுத்தார். 1902இல் மாநில உயர் மேல்முறையீட்டு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில், அப்படியோர் உரிமை சட்டத்தில் இல்லை எனத் தீர்ப்பளித்தது. பொதுமக்களின் கண்டனத்தைத் தொடர்ந்து அடுத்த ஆண்டே, எழுத்துவழி ஒப்புதலின்றி ஒருவர் பெயரையோ உருவத்தையோ விளம்பரத்துக்கும் வணிகத்துக்கும் பயன்படுத்தக் கூடாது என்று அம்மாநிலம் சட்டமியற்றியது. இன்றைய ஒப்புதல் படிவங்களின் மூலம் அதுவே.

இந்தியாவில் இதற்கு அடிப்படையான தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்து எழுந்த வழக்கில் வந்தது. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது தொடர்பாக நக்கீரன் இதழின் ஆசிரியர் கோபால் தொடுத்த வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்திரிகைச் சுதந்திரத்துக்காக இன்று நினைக்கப்படும் அத்தீர்ப்பிலேயே, ஒருவரின் பெயரையோ உருவத்தையோ ஒப்புதலின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது தனியுரிமை மீறலாகும் என்ற கருத்தும் இடம்பெற்றுள்ளது.

ஒப்புதல் இல்லாத படம் முற்றிலும் பயனற்றதன்று. செய்தி, கல்வி முதலிய பயன்பாட்டுக்கு மட்டும் உரிய படமாக அதைச் சமர்ப்பிக்கலாம். அப்போது நகரம், நாடு, நாள் ஆகியவற்றைத் தொடக்கத்தில் தந்து, கண்டதை மட்டும் எழுதும் தலைப்புக் குறிப்பு வேண்டும். காட்சியை மாற்றும் திருத்தங்கள் கூடா. வணிகப் படங்களிலோ நிறுவனச் சின்னங்களை அழித்தாக வேண்டும். கட்டடங்களுக்கும் கட்டுப்பாடு வரலாம். பகலில் ஈபிள் கோபுரத்தைப் படமெடுத்து விற்பதில் தடையில்லை. இரவில் அதன் ஒளியமைப்புக்குத் தனிப் பதிப்புரிமை கோரப்படுவதால் சேமிப்பகங்கள் அந்தப் படத்தை ஏற்பதில்லை.

நுண்விலைச் சேமிப்பகங்கள்

கனடாவின் கால்கரி நகரில் ப்ரூஸ் லிவிங்ஸ்டன் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஐஸ்டாக்ஃபோட்டோ, முதலில் வடிவமைப்பாளர்கள் தம் படங்களை இலவசமாகப் பரிமாறிக்கொள்ளும் இடமாக இருந்தது. சேவையகச் செலவை ஈடுகட்ட மிகச் சிறு கட்டணம் வைத்தபோது நுண்விலைச் சேமிப்பகம் என்ற வணிகமே பிறந்தது. 2003இல் ஜான் ஓரிங்கர் தாம் எடுத்த சுமார் 30,000 படங்களைக் கொண்டு நியூயார்க்கில் ஷட்டர்ஸ்டாக்கைத் தொடங்கி, மாதச் சந்தா முறையைக் கொணர்ந்தார். 2006இல் கெட்டி இமேஜஸ் 5 கோடி டாலருக்கு ஐஸ்டாக்ஃபோட்டோவை வாங்கியது. அதே ஆண்டு ஜெஃப் ஹோவ் வயர்டு இதழில் எழுதி, கூட்டத்திடம் வேலையைப் பகிரும் முறைக்கு ஆங்கிலத்தில் ஒரு புதுச்சொல்லை உருவாக்கிய கட்டுரையில் இந்நிறுவனமே முதன்மை எடுத்துக்காட்டு.

பல நூறு டாலருக்கு விற்ற படத்தின் இடத்தில் ஒரு டாலர்ப் படம் வந்ததும் ஆயத்த விதிகள் தளரவில்லை, இறுகின. சந்தைக்குள் யாரும் வரலாம் என்றானதால் தேர்வு தேவைப்பட்டது. ஷட்டர்ஸ்டாக் முதலில் 10 படங்களைக் கேட்டு, அவற்றுள் 7 தேறினால்தான் கலைஞரைச் சேர்த்தது. அலமி வேறு வழியைக் கையாண்டது: அது ஒவ்வொரு படத்தையும் பார்ப்பதில்லை, ஒரு தொகுதியில் மாதிரியாக எடுத்துப் பார்த்த ஒன்று தவறினாலும் தொகுதி முழுவதும் திருப்பப்படும். இதனால் 100 விழுக்காட்டுப் பெரிதாக்கலில் படத்தின் ஒவ்வொரு மூலையையும் நகர்த்திப் பார்ப்பது கலைஞர்களின் அன்றாட வேலையாயிற்று. உணரியில் படிந்த தூசு வானத்தில் சாம்பல் நிறப் பொட்டாகத் தெரியும்; அதை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். நிழற்பகுதியில் நிறப்புள்ளிகளாகத் தெரியும் இரைச்சல், கிளைகளின் விளிம்பில் ஊதா நிறக் கசிவு, மிகையாகக் கூட்டிய நிறச்செறிவு ஆகியவை நிராகரிப்புக்கான வழக்கமான காரணங்கள்.

ஸ்கேன் செய்தல், தூசு நீக்கல், நிறத் திருத்தம், தலைப்பு எழுதுதல், குறிச்சொல் இடல், படிவம் சேர்த்தல் ஆகிய அனைத்தும் இப்போது படமெடுத்தவரின் கூலியற்ற வேலை. ஒரு படத்துக்கு இவற்றுக்காக 15 நிமிடம் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், பதிவிறக்கத்துக்கு 25 சென்ட் பெறும் ஒருவர் அந்தப் படம் நான்கு முறை விற்ற பின்பே ஒரு டாலரைக் காண்பார்; அதற்கும் ஆண்டுகள் ஆகலாம், அல்லது ஒருமுறைகூட விற்காமலும் போகலாம். 2020 ஜூனில் ஷட்டர்ஸ்டாக் தன் பங்கீட்டு முறையை மாற்றி, குறைந்தபட்சத் தொகையை 10 சென்ட் ஆக்கியபோது பல கலைஞர்கள் தம் படங்களை விற்பனையிலிருந்து நீக்கி எதிர்ப்புத் தெரிவித்தனர். எனினும் வாழ்க்கைச் செலவு குறைந்த நாடுகளிலும், பெரிய நிறுவனங்களின் கதவு திறக்காத சிற்றூர்களிலும் இருந்தவர்களுக்கு நுண்விலைச் சேமிப்பகமே உலகச் சந்தைக்கான முதல் வாயில் என்பதையும் மறுக்க இயலாது.

செயற்கை நுண்ணறிவு வந்த பின்

அடோபி 2014 டிசம்பரில் ஃபோட்டோலியா நிறுவனத்தை 80 கோடி டாலருக்கு வாங்க உடன்பட்டு, 2015இல் அடோபி ஸ்டாக்கைத் தொடங்கியது. பயன்பாட்டைக் கணக்கிட்டு விலை வைக்கும் பழைய உரிமத்தைப் படைப்புசார் படங்களுக்கு நிறுத்துவதாக 2019இல் கெட்டி அறிவித்தது. படைப்புசார் படங்களின் பெருஞ்சந்தை அதற்கு முன்பே பெரும்பாலும் கோப்பு ஒன்றுக்கு இவ்வளவு என்ற முறைக்கு மாறிவிட்டிருந்தது.

2022இல் உரைக் குறிப்பிலிருந்து படம் வரையும் செயலிகள் பரவின. இவற்றைப் பயிற்றுவிக்கப் படமும் அதை விவரிக்கும் சொற்களும் இணைந்த தரவு பெருமளவில் தேவை. இருபதாண்டுகளாகக் கலைஞர்கள் கைப்பட எழுதி வந்த தலைப்புகளும் குறிச்சொற்களும் அத்தகைய தரவே. தன் படங்களை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாகக் கூறி 2023இல் ஸ்டெபிலிட்டி ஏஐ நிறுவனத்தின் மேல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கெட்டி வழக்குத் தொடுத்தது. செயலி வரைந்த சில படங்களில் கெட்டியின் நீர்க்குறி சிதைந்த வடிவில் தெரிந்ததைச் சான்றாகக் காட்டியது. ஷட்டர்ஸ்டாக் எதிர்த்திசையில் சென்று 2022 அக்டோபரில் ஓப்பன்ஏஐ நிறுவனத்துடனான கூட்டை விரிவாக்கி, பயிற்சிக்குப் பயன்பட்ட படங்களுக்காகக் கலைஞர்களுக்கு ஒரு நிதியை அறிவித்தது.

சமர்ப்பிக்கும் முறையிலும் இது உடனே தெரிந்தது. கெட்டி 2022 செப்டம்பரில் இத்தகைய படங்களை ஏற்க மறுத்தது. அடோபி ஸ்டாக் அதே ஆண்டு இறுதியில், உரிய அடையாளத்துடன் ஏற்கலாம் என்றது. அங்குப் படத்தைப் பதிவேற்றுபவர், அது செயற்கை நுண்ணறிவுக் கருவியால் உருவாக்கப்பட்டதா என்பதைக் குறிக்க வேண்டும். உருவாக்கப்பட்டது என்றால் ஒப்புதல் படிவம் இணைக்கும் இடத்தில் மற்றொரு கட்டம் இருக்கும்: படத்திலுள்ள மனிதர்களும் உடைமைகளும் கற்பனையே என்று அதில் குறியிட வேண்டும்.